ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: இணையத்தை வைத்துப் பாடம் நடத்த முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அதன்பின் தினமும் காலை பதினோரு மணிக்கு நேரலையில் வகுப்பு எடுத்தேன். 42 பேர் இருக்கும் வகுப்பில் பதினாலு பேர் வந்தால் பெரிது. மற்றவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளி திறந்த பிறகு ஒரு மாணவியைத் தனியாக அழைத்து, "ஏம்மா ஒரு நாள்கூட வரல?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல ஒரு போன்தான் மிஸ். அப்பா வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிடுவார். ராத்திரி ஒம்பதுக்குத்தான் வருவார். அப்புறம் அண்ணன் பாலிடெக்னிக் கிளாஸ் பாப்பான். என் கைக்கு வரும்போது நெட்டு தீந்துடும் மிஸ்."

ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளையிடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எனக்கு இன்றும் வலிப்பது அதுதான். அதனால் இந்த வழிகாட்டி செயலிகளில் தொடங்காமல் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பதில் தொடங்குகிறது.

முதல் படி: வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

இதற்குக் கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளை அதை எப்படி நிரப்பும்? கால் தாள் துண்டு போதும். நான்கு கேள்விகள்: வீட்டில் எத்தனை ஸ்மார்ட்போன்? அது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உன் கையில் இருக்கும்? தினசரி டேட்டா எவ்வளவு, வேறு யார் யார் அதில் பங்கு? உட்கார்ந்து படிக்க, சத்தம் இல்லாத இடம் உண்டா?

தாள்களை மடித்து வாங்குங்கள். பக்கத்துப் பிள்ளை பார்க்கும்படி எழுதச் சொன்னால் உண்மை வராது. நான் வாங்கிய தாள்களில் "போன் உண்டு" என்று எழுதியவர்களே அதிகம். ஆனால் இரவு எட்டுக்கு முன்னால் அது கைக்கு வரும் என்று எழுதியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாட வீடியோ அனுப்பி, ஏழு மணிக்குப் பதில் கேட்பதில் அர்த்தமே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

டேட்டா கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 480பி தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ அரை ஜிபியைத் தின்னும். நாளுக்கு ஒன்றரை ஜிபி வரும் போனை மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு அரை ஜிபிதான். மற்றப் பாடங்களுக்கும் மற்றத் தேவைகளுக்கும் போக, உங்கள் பாடத்துக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான்.

இரண்டாம் படி: எந்தப் பாடத்துக்கு இது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் பாடத்துக்கும் திரை வேண்டாம். நியூட்டனின் விதிக்கு ஒரு கேரம் போர்டு போதும். கரும்பலகையும் கையும் முடிக்கும் வேலைக்கு புரொஜெக்டரை இழுத்து வந்து பத்து நிமிடத்தை இழக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாதது (எலக்ட்ரான், செல்), மிகப் பெரியது (ஏரி, நிலப்படம், கோள்), மிக வேகமானது (ஒலி, மோதல்), ஆய்வகத்தில் ஆபத்தானது, பலமுறை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியது ஆகியவற்றுக்கு இணையம் உண்மையிலேயே உதவும்.

ஒவ்வொரு முறையும் நான் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன்: இதை வைத்து என் பிள்ளை என்ன செய்யப்போகிறாள்? "பார்க்கப்போகிறாள்" என்பது மட்டும்தான் பதில் என்றால் அந்த வீடியோவை விட்டுவிடுவேன். ஊகிக்கப்போகிறாள், அளக்கப்போகிறாள், சரிபார்க்கப்போகிறாள் என்று ஏதாவது வினை வந்தால் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் படி: பொருள் தேடுதல்

முதலில் கையில் இருக்கும் பாடநூலைத் திறங்கள். 2018க்குப் பின் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடுகள் இருக்கின்றன. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான பொருள் வரும். பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடவாரியாக வீடியோக்கள் உண்டு. 2023ல் வந்தது, இலவசம். 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. இந்த மூன்றையும் பார்க்காமல் வெளியே தேடப் போகாதீர்கள். நம் பாடத்திட்டத்தின் கலைச்சொல்லிலேயே அவை பேசும் என்பதுதான் காரணம். வேறு இடத்து வீடியோவில் "திசைவேகம்" வேறு சொல்லாக வந்தால் தேர்வுத் தாளில் பிள்ளை தடுமாறும்.

தமிழாசிரியர்களுக்குக் கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளம் பெரிய சொத்து. இலக்கண நூல்கள், உரைகள், அகராதிகள் எல்லாம் தேடும் வசதியுடன் இருக்கின்றன. அதன் மின்நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகவே பார்க்கலாம்.

அறிவியலுக்கு நான் அதிகம் நம்புவது ஃபெட், திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் இணையதளம். பி-எச்-இ-டி என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ல் தொடங்கியது. மின்சுற்று, அலை, அமிலம்-காரம், பின்னம் என்று பல மாதிரிகளைக் கையாலேயே இழுத்து மாற்றலாம். பல தமிழிலும் உண்டு. பதிவிறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். கணக்குக்கு, வடிவங்களையும் வரைபடங்களையும் வரைந்து மாற்றிப் பார்க்கும் ஜியோஜீப்ரா செயலி.

எதையும் முழுதாகப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நான்காம் படி: அறையைத் தயார் செய்தல்

ஸ்மார்ட் போர்டு உள்ள வகுப்பு கிடைத்தவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. இல்லாதவர்களுக்கு: ஒரு பழைய டிவி, ஒரு பென்டிரைவ், ஒரு ஸ்பீக்கர். இவ்வளவில் பாதி வேலை முடியும். வீடியோவைப் பென்டிரைவில் போட்டு டிவியில் நேராகச் செருகினால் நெட்டும் வேண்டாம், போனும் வேண்டாம்.

போனை டிவியில் இணைக்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த போன்களில் பெரும்பாலானவை டைப்-சி ஓட்டை வழியாகப் படத்தை வெளியே தராது. இது தெரியாமல் எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போகும்போது போனைக் கையோடு கொண்டுபோங்கள். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேட்டுப் படம் வருவதைப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். நாலைந்து கடை ஏறி இறங்கினால் விலையும் குறையும்.

ஸ்பீக்கர் முக்கியம். நம் வகுப்புகளில் மூன்று ஃபேன்கள் ஓடும், ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஹாரன். டிவியின் சொந்தச் சத்தம் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து திரையில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும் முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். "வகுப்பில் நெட் வரும்" என்று நம்பிப் போவது, வடகிழக்குப் பருவமழையில் குடை இல்லாமல் கிளம்புவது போல. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒரு கரும்பலகைத் திட்டமும் வேண்டும்.

கேள்வித்தாளோ குறிப்போ தட்டச்சு செய்தால் யூனிகோடில் செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அடுத்தவர் கணினியில் கோணல் எழுத்தாக விரியும். தமிழ்99 விசைப்பலகை பழக ஒரு வாரம் போதும். 1999ல் நம் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பிறந்தது அது.

ஐந்தாம் படி: நாற்பது நிமிடத்தை நடத்துதல்

பத்தாம் வகுப்பு மின்னியல் பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஃபெட் மாதிரியில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு. பல்பு எரிகிறது. இப்போது பக்க இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்க்கப்போகிறேன். சேர்ப்பதற்கு முன்னால் கையை எடுத்துவிடுவேன். "முதல் பல்பு என்ன ஆகும்? ஏ: அணையும். பி: மங்கும். சி: அப்படியே இருக்கும். டி: பிரகாசம் கூடும்." நோட்டில் ஒரு எழுத்து எழுத வேண்டும். ஒரு வரி காரணமும் எழுத வேண்டும். யாரும் பேசக் கூடாது.

கை தூக்கச் சொன்னால், நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள். அதற்குத்தான் பிளிக்கர்ஸ் என்ற செயலி. ஆங்கிலத்தில் பி-எல்-ஐ-சி-கே-இ-ஆர்-எஸ். நம் பள்ளிகளில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் இது நமக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. நடுவில் கறுப்புச் சதுர வடிவம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் பதில் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரால் பதிலைக் கண்டுபிடிக்க முடியாது. என் போன் கேமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நகர்த்தினால், யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெயரோடு திரையில் விழும். நாற்பது பேருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அட்டைகளை வெள்ளைத் தாளில் அச்சிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டிவிட்டேன். மினுமினுக்கும் லேமினேஷன் போடாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. விரல் கறுப்பு வடிவத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் "மங்கும்" என்பதற்குத்தான் அதிக ஓட்டு. பேட்டரியின் சக்தியை இரண்டு பல்பும் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது அவர்கள் நியாயம். உடனே பதிலைக் காட்ட மாட்டேன். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். போன முறை மூன்றாவது பெஞ்சில் ஒருவன் எழுந்து, "மிஸ், வீட்ல லைட் எரியும்போது ஃபேன் போட்டா லைட் மங்குதா? இல்லல்ல?" என்றான். வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் சி. அதற்குப் பிறகுதான் இரண்டாவது பல்பை இழுத்து வைத்தேன். முதல் பல்பின் ஒளி மாறவில்லை.

அந்த மாதிரியை முதலிலேயே போட்டுக் காட்டியிருந்தால் "ஆமா மிஸ்" என்று தலையாட்டியிருப்பார்கள். மறுவாரம் தேர்வில் "மங்கும்" என்றே எழுதியிருப்பார்கள். தன் ஊகத்தை எழுதி வைத்த பிள்ளைக்கு விடை சொந்த விஷயமாகிவிடுகிறது.

வீடியோ போட்டாலும் இதே முறைதான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிறுத்தும் இடங்களை முந்தின நாளே நிமிடம், நொடியோடு குறித்து வையுங்கள்.

ஆறாம் படி: ஆசிரியரின் போனே ஆய்வகம்

ஃபைஃபாக்ஸ் என்றொரு இலவசச் செயலி. ஆங்கிலத்தில் பி-எச்-ஒய்-பி-எச்-ஓ-எக்ஸ். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்தில் உருவானது. போனில் ஏற்கெனவே உள்ள மைக், முடுக்கமானி போன்ற உணரிகளை அளவுக் கருவிகளாக மாற்றிவிடும்.

ஒலியின் திசைவேகத்தை எங்கள் வராந்தாவில் அளந்தோம். இரண்டு ஆசிரியர்களின் போன்கள். இரண்டிலும் ஒலியால் இயங்கும் நிறுத்துக்கடிகாரத்தைத் திறந்து, டேப் பிடித்து அளந்து 8 மீட்டர் இடைவெளியில் வைத்தோம். முதல் போன் அருகில் ஒருத்தி கை தட்டுவாள். அந்தப் போன் உடனே ஓடத் தொடங்கும். இரண்டாவது போனுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது ஓடும். பிறகு இரண்டாவது போன் அருகில் ஒருவன் தட்டுவான். அது உடனே நிற்கும், முதல் போன் சற்றுத் தாமதித்து நிற்கும். ஆகவே இரண்டு போன்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி 8 மீட்டரை இரண்டு முறை கடக்க எடுத்த நேரம்.

எங்களுக்கு வந்தது 0.046 நொடி. 16ஐ 0.046ஆல் வகுத்தால் ஏறத்தாழ 348. "புக்ல 343 போட்டிருக்கே மிஸ், தப்பா வந்துடுச்சா?" என்று ஒரு மாணவி கேட்டாள். 343 என்பது 20 டிகிரி செல்சியஸில். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலி நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமாகப் போகும். சென்னையில் 20 டிகிரி மார்கழி விடியலில் வந்தால் உண்டு. அன்று வராந்தாவில் 30 டிகிரி. கணக்குப் போட்டால் 349. அவர்களுடைய அளவு சரியாகத்தான் இருந்தது. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி எத்தனை பேர் கட்டம் போட்டார்கள் என்று பார்த்தேன்.

சில எச்சரிக்கைகள். வராந்தாவில் வேறு சத்தம் இருந்தால் போன் தானாக ஓடிவிடும். மற்ற வகுப்புகள் மைதானத்தில் இருக்கும் நேரம் பாருங்கள். செயலியில் ஒலியின் அளவு வரம்பைச் சற்றுக் கூட்டுங்கள். பத்து முறை தட்டிச் சராசரி எடுங்கள். ஒரே தட்டலை நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: ஊரைத் திரைக்குக் கொண்டு வாருங்கள்

எங்கள் பிள்ளைகளுக்குப் புழல் ஏரி தெரியும். கூகுள் எர்த்தில் அதைத் திறந்து, பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்தினால் வருடவாரியாகச் செயற்கைக்கோள் படங்கள் வரும். 2019 கோடையில் ஏரி வறண்டு கிடந்ததும், மற்ற வருடங்களில் நிறைந்து நின்றதும் கண்ணெதிரே மாறும். அளக்கும் கருவியால் நீர்ப்பரப்பைச் சுற்றிக் கோடு போட்டால் பரப்பளவு வரும். இரண்டு வருடத்தையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

அதே வகுப்பில் ஒரு கணக்கு. புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியானால் எத்தனை லிட்டர்? சுமார் 9,340 கோடி. ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் அடைத்தால் எத்தனை லாரி? ஒரு கோடிக்கு மேல். 2019ல் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை அண்ணன், அக்கா சொல்லிக் கேட்ட பிள்ளைகள் அவர்கள். அந்த எண்ணைப் போர்டில் எழுதியதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. தென்சென்னையில் இருப்பவர்கள் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ல் சேர்ந்த இடம். அதைச் சுற்றி ஊர் எப்படி நெருக்கி வந்தது என்பது பழைய படங்களில் தெளிவாகத் தெரியும்.

எட்டாம் படி: வீட்டுக்கு அனுப்புவது

வாட்ஸ்அப்பில் வீடியோவைவிடக் குரல் பதிவு மேல். இரண்டு நிமிடக் குரல் பதிவு அரை எம்பிகூட வராது. இரவு ஒன்பது மணிக்குப் போன் கைக்கு வரும் பிள்ளையும் கேட்டுவிடலாம். ஒரு குரல் பதிவு, ஒரு கேள்வி, பதில் நோட்டில். மறுநாள் காலை நோட்டைப் பார்ப்பேன். போனில் பதில் அனுப்பச் சொல்வதே இல்லை. போனே இல்லாத பிள்ளைக்கு அதே கேள்வி மாலையில் தாளில் போகும்.

குழுவில் பெற்றோர் எண்கள் மட்டும் இருக்கட்டும். நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாடக் குறிப்பு குட் மார்னிங் பூக்களுக்கு அடியில் புதைந்துபோகும்.

ஒன்பதாம் படி: ஏஐயை எப்படி அறிமுகப்படுத்துவது

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பிள்ளைகள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். தெரியாதது போல இருக்க முடியாது. நான் முதலில் காட்டுவது அது தவறு செய்யும் இடத்தை. "396ஆவது குறளைச் சொல்" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பேன். சில நேரம் சரியாக வரும். சில நேரம் வேறு குறள் வரும். திருவள்ளுவர் எழுதவே எழுதாத இரண்டு வரியைக்கூட மிகவும் நம்பிக்கையாகக் கொடுக்கும். பிறகு நூலைத் திறந்து "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்ற குறளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். மணற்கேணி செயலியின் பெயர் அங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சொன்னதை மூலத்தில் தேடிப் பார்க்கும் பழக்கம் அந்தப் பத்து நிமிடத்தில் தொடங்குகிறது.

ஆசிரியருக்கு ஏஐ நல்ல உதவி. ஒரே கணக்கை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று விதமாக, பேருந்து, மீன் சந்தை, மெட்ரோ என்று நம் ஊர்ச் சூழலில் எழுதித் தரச் சொல்லலாம். விடையை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது. 18 வயது வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆகவே வகுப்பில் அது என் கணக்கில், என் கையில் மட்டும்.

பத்தாம் படி: பாதுகாப்பு

இதைக் கடைசியில் எழுதினாலும் முதல் நாளே செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மாணவிகளின் எண்களையே குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழுவில் யார் இருந்தாலும் எல்லா எண்களும் தெரியும். ஒரு பிள்ளைக்கு நடுராத்திரியில் முகம் தெரியாத செய்திகள் வரத் தொடங்கின. அவள் இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை, போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்.

அதனால் வருட ஆரம்பத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்: "என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன்." பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், பிள்ளை வந்து சொன்னால் முதல் வேலையாகப் போனைப் பிடுங்காதீர்கள் என்று. இணையப் பண மோசடிக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பள்ளிப் பக்கத்தில் போடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைதான்.

பதினோராம் படி: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். போன வார வரிகள் இவை: "9பி: ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை, பாதிப் பாடம் வாயால். இரண்டாம் கேள்வி மிக எளிது, மாற்ற வேண்டும். பிளிக்கர்ஸ் அட்டை 17 கிழிந்திருக்கிறது." முதல் படியின் தாள் துண்டுகளை ஜூனில் ஒருமுறை, அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் ஒருமுறை வாங்குகிறேன். நடுவில் போன் உடைந்திருக்கும், அப்பா வேலை மாறியிருப்பார், அக்கா கல்லூரிக்குப் போயிருப்பாள். ஜூனில் "போன் உண்டு" என்று எழுதிய மூன்று பேர் இந்த ஜனவரியில் "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலையிலிருந்து அவர்களுக்கும் கேள்வி தாளில் போகிறது.